ஸ்டெல்லாவின் ஒற்றைக் கால் ஷூ

ஸ்டெல்லா போய்விட்டாள். நேற்று விடியற்காலை நெஞ்சு வலி... ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே.

"அவர்" என்று மரியாதையாக எழுதத்தான் நினைத்தேன். எழுதினால், "இன்னா தோஸ்த், யாரைப் பத்தி எழுதற?" என்று கேட்பாள். அதனால் அவள்தான்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஆம்பூரில் ஒரு ஷூ ஃபேக்டரியின் சாம்பிள் ரூமில் அவள் டிசைனர், நான் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சன்டைசர். இருவரும் வேலையை விட்டுவிட்டு, பைபாஸ் பக்கம் ஒரு மாடி அறையில் ஸ்டார்ட்அப் ஆரம்பித்தோம். நாள் முழுக்க நின்று வேலை செய்யும் பெண்களுக்கான ஷூ... அதுதான் முதல் ஐடியா.

"ஸ்டார்ட்அப்பா? ஆம்பூர்லயா?" என்று சிரித்தவர்களும் இந்தப் பதிவைப் படிக்கலாம். நன்றாகப் படியுங்கள்.

சென்னையில் ஒரு பிட்ச் ஈவென்ட், புது ஐடியாக்களை மேடையில் சொல்லிப் பரிசு வாங்கும் போட்டி. ஸ்லைடெல்லாம் காட்டி முடித்தோம். "போட்டு நடந்து காட்டுங்களேன்" என்றார் ஒரு ஜட்ஜ். பையைத் திறந்தால்... வலது கால் ஷூ மட்டும்தான்.

எங்கள் ஊர் ஃபேக்டரிகளில் சாம்பிள் என்றால் ஒரு காலுக்குத்தான் செய்வோம். வெளிநாட்டுக் கம்பெனிக்காரருக்குப் பார்க்க அது போதும். அதே பழக்கத்தில் ஒற்றை ஷூவைப் பளபளவென்று துடைத்து எடுத்துப் போயிருக்கிறோம். கிளம்பும்போது இரண்டு பேருக்குமே அது தப்பாகத் தோன்றவில்லை.

ஹால் முழுக்கச் சிரிப்பு. எனக்கு எங்கேயாவது ஓடிப் போய்விடலாம் போல இருந்தது.

ஸ்டெல்லா அசரவில்லை. வலது காலில் எங்கள் ஷூ, இடது காலில் அவளுடைய தேய்ந்த செருப்பு... மேடையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்தாள். "ரெண்டு காலையும் எப்டி வெக்கிறேன்னு பாருங்க சார். எது சொகமா இருக்குதுன்னு உங்களுக்கே தெரியும்."

பரிசு ஏதோ ஒரு மொபைல் ஆப்புக்குப் போனது. அது இப்போது இருக்கிறதா என்றுகூடத் தெரியவில்லை.

வெளியே வரும்போது ஊன்றுகோலுடன் ஒருவர் பின்னாலேயே வந்தார். மணிகண்டன். திமிரிக்காரர், சென்னையில் வேலை. ஒரு விபத்தில் இடது காலை இழந்தவர்.

"மேடம், இதே மாதிரி ஒத்த ஷூ விலைக்குக் குடுப்பீங்களா? ஒவ்வொரு தபாவும் ஜோடியா வாங்கறேன். இன்னொண்ணு வீட்ல புதுசாவே கெடக்குது. தூக்கிப் போடவும் மனசு வரல..."

ஸ்டெல்லா அங்கேயே தரையில் உட்கார்ந்து, எங்கள் பிட்ச் பேப்பரின் பின்பக்கத்தில் அவருடைய பாதத்தை வைக்கச் சொல்லி அளவு வரைந்துகொண்டாள்.

ரயிலில் ஊர் திரும்பும்போது சொன்னாள், "ஒத்தையாவே விப்போம் தோஸ்த். லெஃப்ட் தனி, ரைட் தனி."

"பைத்தியமா ஒனக்கு?" என்றேன்.

"ஃபேக்டரில ஒத்தக் கால் செய்யத் தெரியுதில்ல? விக்க மட்டும் இன்னா கஷ்டம்?"

கஷ்டம் ஜாஸ்திதான். ஷூ தைத்துத் தரும் யூனிட்காரர்கள் "ஜோடியா ஆர்டர் குடும்மா" என்றார்கள். எங்கள் பில்லிங் சாஃப்ட்வேருக்கு ஜோடிக் கணக்கைத் தவிர வேறெதுவும் தெரியாது. "சிஸ்டம் அலவ் பண்ணாது மேடம்" என்றான் எங்கள் டெவலப்பர்.

"சிஸ்டத்தை எழுதினது நீதானப்பா? நீ அலவ் பண்ணு, அது பண்ணும்" என்றாள் ஸ்டெல்லா.

பண்ணியது. இப்போது எங்கள் வெப்சைட்டில் இடது காலுக்கு ஒரு பட்டன், வலது காலுக்கு ஒரு பட்டன். ஒன்றை மட்டும் வாங்கலாம். இரண்டு காலுக்கும் வேறு வேறு சைஸும் வாங்கலாம். ஒரு கால் வீங்கியவர்கள், ஒரு கால் சிறுத்தவர்கள் எல்லாம் எங்கிருந்தெல்லாமோ ஆர்டர் போடுகிறார்கள். வெப்சைட்டின் அந்தப் பக்கத்தை அவளே பேப்பரில் வரைந்து கொடுத்தாள்.

முதல் ஒற்றை ஷூ மணிகண்டனுக்குத்தான் போனது. அதைப் போட்டுக்கொண்டு கல்யாணம் செய்துகொண்டார். மாப்பிள்ளைக் கோலத்தில் எடுத்த போட்டோ அனுப்பினார். ஸ்டெல்லா மாப்பிள்ளையை வெட்டிவிட்டு ஷூவை மட்டும் வாட்ஸ்அப் டிபியாக வைத்துக்கொண்டாள். "பாவம்யா அந்த ஆளு" என்றால், "அவரு மூஞ்சிய அவரு பொண்டாட்டி பாத்துக்கும்" என்பாள்.

இப்போதும் அதே டிபிதான். மாற்ற ஆளில்லை.

நேற்று பள்ளிகொண்டாவில் அவள் வீட்டுக்குப் போனேன். உள்ளே ஜெபம் நடந்துகொண்டிருந்தது. வாசலில் செருப்பும் ஷூவுமாகக் குவிந்து கிடந்தன. திடீரென்று மழை பிடித்துக்கொண்டது.

பக்கத்து வீட்டு அக்கா ஒருவர் ஓடி வந்து, எல்லாவற்றையும் ஜோடி சேர்த்து ஷெட்டுக்கு அடியில் எடுத்து வைத்தார். ஒரு ஷூவைக் கையில் வைத்துக்கொண்டு சுற்றிச் சுற்றித் தேடினார்.

"இதுக்கு ஜோடியைக் காணமே... நாய் தூக்கினு போய்ட்ச்சா?"

வலது கால், டிபியில் இருக்கும் அதே தையல். பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. மணிகண்டன் வந்திருக்கிறார்.

"ஜோடி கெடையாதுக்கா. ஒத்ததான். ஸ்டெல்லா பண்ணது."

அந்த அக்கா ஷூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு குனிந்து குவியலில் இன்னொன்றை எடுத்தார். அதற்கும் ஜோடி இல்லை. அப்புறம் இன்னொன்று... அது இடது கால், பெண்கள் சைஸ்.

தன் முந்தானையால் ஒவ்வொன்றையும் துடைத்து, சுவர் ஓரமாகத் தனியாக வரிசை வைத்தார். எனக்கு அழுகையோடு அவ்வளவு பெருமையாகவும் இருந்தது.

ஸ்டெல்லா, வாசல் பக்கம் ஒரு தபா எட்டிப் பாத்துட்டுப் போ தோஸ்த்.