சுங்கை தெடோ: ஆற்றுக்கு முதுகு காட்டி நிற்காதீர்கள்

இந்த வருஷம் ஆடிக் கடைசி வெள்ளிக்குக் கூடாரம் போட்டுத் தங்கப் போவதாக என் மகன் சேகர் சொன்னான். எங்கே என்று கேட்டேன். "யான் டவுன் பக்கம்மா, ஒரு ஆத்தங்கரை" என்றான். பெயரைச் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. சுங்கை தெடோ.

முப்பத்தெட்டு வருஷத்துக்கு முன்னால் அந்த ஆறுதான் என் மகள் கோமளாவைக் கொண்டுபோனது. அவளுக்கு அப்போது ஒன்பது வயது. சேகர் கைக்குழந்தை, அவனுக்கு ஒன்றும் ஞாபகமில்லை. இப்போது அவன் மகள் தர்ஷினிக்குப் பத்து வயது. மருமகளுக்குக் கூலிம் ஊரில் ராத்திரி ஷிப்ட், அவளால் வர முடியாது. "நீங்க வீட்டுல இருங்கம்மா, நான் பார்த்துக்குவேன் லா" என்றான் சேகர். அதே வார்த்தையை ஏற்கெனவே ஒருத்தி என்னிடம் சொல்லியிருக்கிறாள். நான் பையை எடுத்துக்கொண்டு காரில் ஏறிவிட்டேன். பேத்தி தண்ணீரில் இருக்கிற நேரமெல்லாம் என் கண் அவள்மேல் இருக்க வேண்டும், வேறு யார் கண்ணையும் நம்ப மாட்டேன். நான் போனது அதற்குத்தான். ஊர் சுற்றிப் பார்க்க இல்லை.

இது சேகர் தான் போகிற இடங்களைப் பற்றி எழுதுகிற பக்கம். இந்தத் தடவை நான் எழுதுகிறேன் என்று போனை வாங்கிக்கொண்டேன். தோட்டத்துப் பள்ளியில் நாலாவதோடு நின்றவள், எழுத்து முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மலேசியாவில் எங்கள் கெடா மாநிலத்தில் வெள்ளி, சனி விடுமுறை என்பதால் வியாழக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்குச் சுங்கைப் பட்டாணியிலிருந்து கிளம்பினோம். பீடோங், மெர்போக், சிங்கிர் வழி. மொத்தம் நாற்பத்தைந்து கிலோமீட்டர் இருக்கும், ஒரு மணி நேரம். ஜெராய் மலை கண்ணுக்குத் தெரியவில்லை, பாதிக்கு மேல் மேகம் மூடியிருந்தது. யான் வருகிற வரை ரெண்டு பக்கமும் வயல். தண்ணீர் நிற்கிற வயலில் அந்தக் கறுத்த வானம்தான் கிடந்தது. தர்ஷினி ஏதோ பாட்டுப் போட்டுக்கொண்டே வந்தாள்.

பெரிய சாலையிலிருந்து உள்ளே மூன்று கிலோமீட்டர். கடைசிப் பாதி செம்மண் பாதை, சின்னக் கார் போகும், ஆனால் மழையென்றால் யோசித்துப் போங்கள். இது அரசாங்க நிலம், யார் வேண்டுமானாலும் வரலாம். கட்டணம் ஒரு கூடாரத்துக்குப் பத்து வெள்ளிக் காசு, காருக்கு ரெண்டு வெள்ளி. வாசலில் காக் நோர் என்கிற மலாய்க்காரம்மாவின் கடை இருக்கிறது. நாசி லெமாக் சோறு, மெகி மீ, சுடுதண்ணீர் எல்லாம் கிடைக்கும். கழிப்பறை ரெண்டு, ஒன்றில் தாழ்ப்பாள் இல்லை. ஆற்றோரம் சிமெண்டு மேசைகள், ஒரு பொண்டோக் குடிசை, வெள்ளம் வந்தால் சங்கு ஊதுகிற கம்பம் ஒன்று. அந்தக் கம்பத்தைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றேன். அந்தக் காலத்தில் அது இல்லை.

கூடாரத்தைத் தண்ணீருக்குப் பக்கத்தில் மணலில் போட சேகர் இடம் பார்த்தான். காற்று நன்றாக வருமாம். "மேல போய் மேசைக்கிட்ட போடு" என்றேன். "அங்க கல்லு குத்தும்மா." "குத்தட்டும். கல்லு குத்தி யாரும் சாகல." அவன் கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு நடந்தான்.

அன்றைக்கு நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னால் நடந்தது உங்களுக்குப் புரியாது. எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழா. கரகம் பாலிக்க, அதாவது ஜோடித்துத் தூக்கி வர, எல்லாரும் இந்த ஆற்றுக்கு வந்தார்கள். நான் கோயிலில் கூழ்ப் பானையோடு இருந்தேன். கோமளா ஆற்றுக்குப் போகணும் என்று அழுதாள். என் நாத்தனார் பாக்கியம், வீட்டுக்காரருடைய தங்கச்சி, "அனுப்புங்க அண்ணி, நான் பார்த்துக்குறேன்" என்றாள். "பார்த்துக்கோ" என்று அனுப்பினேன். கரகம் தூக்குகிற நேரம் உடுக்கைச் சத்தம் கேட்டு பாக்கியம் அந்தப் பக்கம் திரும்பினாளாம். ஆற்றுக்கு முதுகு காட்டி நின்றாளாம். மலையில் மழை பெய்தால் கீழே வெயில் அடிக்கும்போதே தண்ணீர் சுவர் மாதிரி வந்துவிடும், மலாயில் அதைக் கெப்பாலா ஆயர் என்பார்கள். வந்தது. பிள்ளையைப் பாலத்துக்குக் கீழே எடுத்தார்கள்.

அதற்குப் பிறகு பாக்கியத்தோடு நான் ஒரு வார்த்தை பேசியதில்லை. என் வீட்டுக்காரர் இறந்தபோது கூடப் பிறந்தவள் என்று வந்தாள். வாசலிலேயே நின்றாள். உள்ளே வா என்று யாரும் சொல்லக் கூடாது என்றேன். யாரும் சொல்லவில்லை. எனக்கு எதுவும் மறக்காது. அன்றைக்கு அவள் கட்டியிருந்த சேலைக் கரையில் என்ன பூ என்றுகூட என்னால் சொல்ல முடியும்.

ராத்திரி மழை. தூங்கவில்லை, அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

வெள்ளி காலை மழை விட்டிருந்தது, ஆனால் வெளிச்சம் வரவில்லை. ஐஸ் கட்டி வாங்கவும் சமையல் கேஸ் வாங்கவும் சேகர் யான் டவுனுக்குப் போனான். தர்ஷினி ஆற்றில் மண்டி போடணும், குளிக்கணும் என்று என் கையைப் பிடித்து ஆட்டினாள். மலையில் மழை உண்டா என்று காக் நோரிடம் கேட்டேன். விடிந்ததிலிருந்து இல்லை, தண்ணீர் தெளிந்துவிட்டது, முழங்கால் வரை போகலாம் என்றார். பிறகு, "நீங்களும் சாமி கும்பிடத்தான் வந்தீங்களா நெனெக்? வருஷா வருஷம் இந்த மாசம் வெள்ளிக்கிழமை ஒரு இந்தியப் பாட்டி தட்டு வச்சுக் கும்பிடுவாங்க. அந்தப் பெரிய பாறைகிட்ட" என்று மலாயில் சொன்னார். நெனெக் என்றால் பாட்டி.

யாரோ என்று நினைத்தேன். பேத்தியை முழங்கால் தண்ணீரில் விட்டுவிட்டுக் கரையில் உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் செருப்புச் சத்தம். அந்த நடை எனக்குத் தெரியும். இடது காலைக் கொஞ்சம் இழுக்கிற நடை.

பாக்கியம். தலை முழுக்க நரைத்துவிட்டது. ஒரு கையில் தட்டு, ஒரு கையில் மஞ்சள் பை. என்னைப் பார்த்ததும் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டாள்.

"அண்ணி" என்றாள்.

நான் ஆற்றைப் பார்த்துக்கொண்டே கேட்டேன். "இங்க யாருக்குப் படைக்கிற?"

"நம்ம பிள்ளைக்குத்தான்."

"நம்ம பிள்ளையா?" நான் திருப்பிக் கேட்டேன். கல்யாணம் ஆகாமல் செத்துப்போன பெண் வீட்டுக்குக் கன்னி தெய்வம். வருஷத்துக்கு ஒரு தடவை புதுத் துணி, வளையல், பலகாரம் வைத்துக் கூப்பிட வேண்டும். அதுவும் ஒரு வீட்டில் மட்டும்தான். ரெண்டு இடத்தில் கூப்பிட்டால் எங்கே போவது என்று தெரியாமல் அலையும் என்பார்கள். "வீட்டுல நான் கூப்பிடுறேன். நீ இங்க கூப்பிடுற. செத்த பிள்ளைய இத்தனை வருஷமா அலைய விட்டிருக்க. உனக்குப் புத்தி இருக்கா?"

"இருந்திருந்தா அன்னைக்கே திரும்பியிருக்க மாட்டேனே" என்றாள். பாறையடியில் உட்கார்ந்து வாழை இலையை விரித்தாள். "நீங்க தோட்டத்த விட்டுப் போனீங்க. அப்புறம் பீடோங். அப்புறம் பட்டாணியில தாமான் குடியிருப்பு வீடு. மூணு வீடு மாறிட்டீங்க அண்ணி. பிள்ளைக்கு வழி தெரியாம இங்கயே நின்னுட்டா? கூப்பிட ஒரு ஆளாவது இருக்கட்டும்னுதான் வரேன்."

என் கண் தர்ஷினிமேல்தான் இருந்தது, ஆனால் காது அங்கே இருந்தது. பாக்கியம் பையிலிருந்து துணியை எடுக்கிற சத்தம் கேட்டு ஒரு நொடி பார்த்தேன். சாம்பல் நிறத்தில் ஒரு சேலை. அகலக் கரை.

"இதென்ன சேலை?"

"வேற என்ன வைக்கிறது? அவளுக்கு நாப்பத்தேழு ஆச்சு. மொத நாலு வருஷம் பாவாடை. அப்புறம் தாவணி. அப்புறம் சேலைதான்." சேலையை இலையில் வைத்தாள். "இப்ப எல்லாரும் நைட்டிதான் போடுறாங்க, ஒண்ணு எடுக்கலாமான்னு பார்த்தேன். அவ திட்டுவா. உங்க வாய்தானே அவளுக்கும்."

என் பையில் ஒரு பாவாடை இருந்தது. சாயந்திரம் வீட்டுக்குத் திரும்பிப் படைக்கலாம் என்று வாங்கியது. மஞ்சள் பட்டுப் பாவாடை, ஒன்பது வயசு அளவு. முப்பத்தெட்டு வருஷமும் அதே அளவுதான் வாங்குகிறேன். கடைக்காரர் மாறிவிட்டார், அளவு மாறவில்லை. போன வருஷம் படைத்த பாவாடையைத் தர்ஷினிக்குக் கட்டிவிட்டேன். இந்த வருஷம் அவளுக்கு அது எட்டாது.

பாக்கியம் அதிரசம், முறுக்கு, வளையல் எல்லாம் வைத்தாள். விளக்கு ஏற்றினாள். கற்பூரத்தை எடுத்து இலை ஓரத்தில் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டாள்.

"ஏத்த வேண்டியதுதானே?"

"பெத்தவ உசிரோட இருக்கும்போது நான் ஏத்தக் கூடாது அண்ணி. ஒரு வருஷமும் ஏத்தினதில்ல. வச்சுட்டு அப்படியே போயிடுவேன்."

பாறை மேட்டுப் பக்கம், ஆற்றைப் பார்த்து இருக்கிறது. கற்பூரம் ஏற்றினால் காற்றுக்கு ரெண்டு கையாலும் மறைப்பு வைத்துக் குனிய வேண்டும். ஆற்றுக்கு முதுகு காட்டாமல் முடியாது. தண்ணீரில் தர்ஷினி கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அவளைக் கரைக்குக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட வாயையும் திறந்தேன்.

வந்தது வேறு வார்த்தை. "பாக்கியம், பிள்ளையப் பார்த்துக்கோ" என்றேன்.

அவள் முகத்தை நான் பார்க்கவில்லை. தண்ணீருக்குள் சேலையோடு இறங்குகிற சத்தம்தான் கேட்டது. பிறகு தர்ஷினி, "நீங்க யாரு பாட்டி?" என்றாள். "பேசாம கல்லு பொறுக்கு. என்கிட்ட பேச்சுக் குடுக்காத" என்றாள் பாக்கியம். நான் கற்பூரத்தைக் கொளுத்தினேன். என் மகளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டேன். அது எரிந்து முடிகிற வரை திரும்பவில்லை. என் முதுகு முழுக்க அந்த ஆறு ஓடிக்கொண்டிருந்தது.

திரும்பியபோது பாக்கியம் முழங்கால் தண்ணீரில் கையை விரித்தபடி, பேத்திக்கும் மலைக்கும் நடுவில் நின்றிருந்தாள். கண் சிமிட்டினாளா என்றே தெரியவில்லை.

சேகர் வந்து யாரென்று தெரிந்ததும், "அத்தை, கார்ல இடம் இருக்கு, வாங்க" என்றான். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. பின் சீட்டில் தர்ஷினிக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான். சுங்கைப் பட்டாணி வரை அவள் சேலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. நான் மன்னித்துவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அப்படி ஒன்றும் நடக்கவில்லை.

போகிறவர்களுக்குச் சொல்கிறேன். மணலில் கூடாரம் போடாதீர்கள், எவ்வளவு அழகாக இருந்தாலும். கீழே வெயில் அடிக்கிறது என்று ஏமாறாமல் மலையைப் பாருங்கள். அது தெரியவில்லை என்றால் காக் நோரிடம் கேளுங்கள். தண்ணீர் திடீரென்று கலங்கினால், இலையும் சுள்ளியும் வந்தால், சங்குக்குக் காத்திராமல் மேட்டுக்கு ஓடுங்கள். பிள்ளைகள் தண்ணீரில் இருந்தால் ஒரு ஆள் வேறு வேலை பார்க்கக் கூடாது. பார்க்கிற வேலை மட்டும்தான். அட்டை கடிக்கும், உப்பு எடுத்துப் போங்கள். தாழ்ப்பாள் உள்ள கழிப்பறை இடது பக்கம்.

அந்த மஞ்சள் பாவாடை இன்னும் பையில்தான் இருக்கிறது. அடுத்த ஆடிக்குச் சேலை எடுக்க வேண்டும். ஒன்பது வயதில் கோமளாவுக்கு மஞ்சள் பிடிக்கும். நாற்பத்தெட்டில் என்ன நிறம் பிடிக்கும் என்று எனக்குத் தெரியாது. பாக்கியத்தைத்தான் கேட்க வேண்டும்.