கிணறு சிவந்த ஆடி மாதம்

வீட்டில் எனக்குச் சந்தேகப் பிராணி என்று பெயர். யாராவது வந்து இப்படியாம், அப்படியாம் என்று ஆரம்பித்தால் போதும். நீ பார்த்தாயா, பார்த்தவர் சொன்னாரா, அவர் எங்கே நின்று பார்த்தார் என்று குடைந்து எடுத்துவிடுவேன். எரிச்சலில் எழுந்து போய்விடுகிறார்கள். போகட்டும். இந்தக் கேள்விகள் என்னுடையவை அல்ல, என் நாத்தனாருடையவை. அவள் இருந்தவரை இதே கேள்விகளுக்காக நான் அவளைக் கரித்துக்கொட்டியிருக்கிறேன்.

நான் சேக்காட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தது வெள்ளைக்காரன் காலத்தில், ஆவடியில் பட்டாளத்து ஷெட்டுகள் வருவதற்கு முன்னால். சுற்றிலும் வயல், ஒரு ஏரி, ஐம்பது வீடு இருக்கும். நாத்தனாருக்கும் எனக்கும் ஒரே வயது. அவளை நெமிலிச்சேரியில் கொடுத்திருந்தது. ஏழாம் மாதம் வளைகாப்புப் போட்டுத் தாய்வீட்டுக்கு அழைத்து வந்திருந்தோம். வளையல் போட்டவர் பூந்தமல்லியிலிருந்து வருகிற பாய். தோளில் வளையல் சரமும் கையில் தகரப் பெட்டியுமாக வருவார். எங்கள் பக்கத்தில் எந்த வளைகாப்பானாலும் அவர்தான். கையைப் பிசைந்து பிசைந்து வலி தெரியாமல் ஏற்றிவிடுவார். அன்றைக்கு நாத்தனாரின் இரண்டு கையிலும் பச்சை வளையலை நிரப்பிவிட்டு, "கொயந்த பொறந்ததும் கருப்பு வளையல் நாந்தாம்மா கொண்டாருவேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆடி மாதம் ஊரில் வாந்திபேதி வந்தது. கீழத் தெருவில் முதலில் இரண்டு பேர் போனார்கள். அம்மனுக்குக் கூழ் ஊற்றினால் அடங்கும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊரே கோயிலுக்குப் போய்விட்டது. நான் வீட்டுக்கு விலக்காகிக் கொல்லையில் மாட்டுக்கொட்டகை ஓரமாகத் தனியே உட்கார்ந்திருந்தேன். அங்கிருந்து பார்த்தால் பொதுக்கிணறு தெரியும். பாதியைப் பூவரச மரம் மறைத்துக்கொண்டிருக்கும்.

வளையல் பாய் வந்தார். கிணற்றடியில் மாடு குடிக்கிற தொட்டியில் முகம் கழுவினார், மரத்துக்கு அந்தப் பக்கம் போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்தார், பிறகு எழுந்து போனார். நான் பார்த்தது அவ்வளவுதான். அதற்கப்புறம் வெயில் ஏறக் கண் அசந்துவிட்டேன்.

சாயங்காலம் தண்ணீர் சேந்தப் போன பெண்கள் குடத்தை அங்கேயே போட்டுவிட்டு ஓடிவந்தார்கள். கிணற்றுத் தண்ணீர் சிவந்து கிடந்தது. விஷம் என்று ஒருவர் சொன்னார், அடுத்த நிமிஷம் எல்லோரும் சொன்னார்கள். பகலில் யார் வந்தது என்று கேட்டுக்கொண்டு கூட்டம் எங்கள் கொல்லைக்கு வந்து, தீட்டு என்பதால் பத்தடி தள்ளி நின்றது.

"வளையல் பாய் வந்தாரு. கெணத்தாண்ட குந்திகினு இருந்தாரு" என்றேன்.

"பொட்டியத் தொறந்தானா?" என்று மாமனார் கேட்டார்.

"தொறந்தாரு."

ஏன் சொன்னேன் என்று இத்தனை வருஷமாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். அந்த வீட்டுக்குப் போன நாளிலிருந்து என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. உலை வைத்தாயா, சாணி தெளித்தாயா என்பதோடு சரி. அன்று ஊரே என் வாயைப் பார்த்து நின்றது. எனக்கு அது பிடித்திருந்தது. இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் உண்மை அதுதான். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். திறந்தார் என்று சொன்னதும் அவர் பெட்டியைத் திறப்பது எனக்குத் தெரிய ஆரம்பித்துவிட்டது. மூடியைத் தூக்குகிறார், பொட்டலத்தைப் பிரிக்கிறார், கிணற்றில் உதறுகிறார். இரவு படுக்கும்போது நான் சத்தியம் செய்யத் தயாராக இருந்தேன்.

மறுநாள் ஆண்கள் வண்டி கட்டிக்கொண்டு போய், காட்டுப்பாக்கத்தில் வியாபாரத்துக்குப் போய்க்கொண்டிருந்தவரைப் பிடித்து அடித்தார்கள். பெட்டியை உடைத்துப் பார்த்தார்கள். வளையல், சீப்பு, ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி. வேறொன்றும் இல்லை. ஒன்றும் இல்லையே என்று யாராவது கையை நிறுத்தினார்களா என்றால் இல்லை. எல்லாவற்றையும் கிணற்றில் கொட்டிவிட்டான், அதனால்தான் பெட்டியில் ஒன்றும் இல்லை என்று முடிவு கட்டி இன்னும் நாலு போட்டார்கள். திரும்பி வந்து இதை எங்கள் வாசலில் நின்று பெருமையாகச் சொன்னார்கள்.

விலக்கான மூன்று நாளும் எனக்குச் சோறு கொண்டுவந்து வைத்தது நாத்தனார்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு தள்ளி உட்கார்ந்து கேட்டாள். "அண்ணி, நடுவுல பூவரச மரம் நிக்கிது. அவுரு அந்தாண்ட குந்தினாருன்னு நீதான் சொல்ற. பொட்டி உனக்கு எப்டி தெரிஞ்சிது?"

"அப்ப நான் பொய் சொல்றனா?"

"பொய்யின்னு சொல்லல. பாத்ததத் தனியா சொல்லு, நெனச்சதத் தனியா சொல்லு. ரெண்டயும் ஒண்ணாக் கலக்காத."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஊரே நம்பிவிட்டது, இவளுக்கு மட்டும் என்ன கேடு என்று நினைத்தேன். அவள் எப்போதுமே அப்படித்தான். பனைமரத்தில் பேய் என்றால் எந்த மரம் என்பாள். அதற்காக மாமியாரிடம் திட்டும் வாங்குவாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு சாப்பிட்டேன்.

நாலாம் நாள் தலைக்கு ஊற்றிக்கொண்டு ஏரிக்குப் போய்த் தண்ணீர் எடுத்து வந்தேன். ஊரே இப்போது ஏரித் தண்ணீர்தான் குடித்தது. செத்தவர்களின் துணிகளை அலசியதும் அதே ஏரியில்தான். அது கண்ணுக்குத் தெரியவில்லை, கிணற்றின் சிவப்பு தெரிந்தது. நாத்தனார் குடத்தை எட்டிப் பார்த்தாள். "ஏரித் தண்ணி எனக்கு ஒத்துக்கல, நாத்தம் அடிக்கிது. அண்ணி, கடசியா கேக்கறேன். பொட்டியத் தொறந்ததப் பாக்கலன்னு ஒரு வார்த்த சொல்லு, நான் கெணத்துத் தண்ணியே குடிக்கிறேன். யாராண்டயும் சொல்ல மாட்டேன்."

மாமியார் அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பூந்தமல்லியில் ஒரு மனிதன் அடிபட்டுக் கிடந்தான். இப்போது இல்லை என்றால் நான் யார் ஆவேன்?

"பாத்தேன்" என்றேன்.

 அவள் சொம்பை நீட்டினாள். நான்தான் ஊற்றினேன்.

வியாழக்கிழமை விடியற்காலையில் அவளுக்கு வாந்திபேதி கண்டது. வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள் அவளும் வயிற்றில் இருந்ததும் போய்விட்டார்கள். சுமங்கலி என்பதால் வளையலைக் கழற்றவில்லை. பச்சை வளையலோடுதான் எடுத்துக்கொண்டு போனார்கள்.

அடுத்த வாரம் சுகாதார இன்ஸ்பெக்டர் வந்தார். கிணற்றைப் பார்த்தார், ஏரிக்குப் போகிற குடங்களைப் பார்த்தார். "ஞாயித்துக்கெழம மத்தியானம் ஆள் அனுப்பி கெணத்துல மருந்து போட்டேனே. சேப்பு மருந்து. தண்டோரா போடலியா?" என்றார். தண்டோரா போட வேண்டிய வெட்டியான் அன்றே வாந்திபேதியில் படுத்தவர், பிறகு எழுந்திருக்கவே இல்லை. ஊரில் குடிக்கத் தகுந்த ஒரே தண்ணீரைத்தான் நாங்கள் ஒதுக்கி வைத்திருந்தோம் என்று இன்ஸ்பெக்டர் சொன்னார். இரண்டு நாள் கழித்து, எனக்கு அப்பவே சந்தேகந்தான் என்று அவரவர் சொல்லிக்கொண்டார்கள். என்னை ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் தங்களையும் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கும் என்று பயந்தார்களோ என்னவோ.

அதற்குப் பிறகு பாய் எங்கள் ஊருக்கு வரவில்லை. நாலைந்து வருஷம் கழித்துப் பூந்தமல்லிச் சந்தைக்குப் போயிருந்தபோது ஒரு சின்னக் கடையில் அவர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். திரும்பிப் போயிருக்கலாம். அதற்குள் அவர் என்னை அடையாளம் கண்டு கூப்பிட்டுவிட்டார்.

"சேக்காட்டு மருமவதானே? அந்தப் பாப்பாவுக்குக் கருப்பு வளையல் தரேன்னு சொல்லியிருந்தேன். பொறந்தது இன்னாம்மா, ஆணா பொண்ணா?"

"பொறக்கல பாய். ரெண்டு பேரும் போயிட்டாங்க. அந்த ஆடியிலேயே."

அவர் சரத்திலிருந்து ஒரு ஜோடி வளையலை உருவினார். பிறகு என் கையைக் கேட்டார். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை, நீட்டினேன். அவருடைய வலது கையில் இரண்டு விரல் மடங்கியபடியே நின்றன. அவற்றால் பிசைய முடியவில்லை. மற்ற விரல்களால் அழுத்தி வளையலை ஏற்றப் பார்த்தார்.

"நான் பொட்டியத் தொறந்ததப் பாத்ததா அன்னிக்கி யாரோ சொன்னாங்களாம். யாருன்னு இன்னிவரிக்கும் தெரில. உனக்குத் தெரியுமாம்மா?"

"தெரியாது பாய்" என்றேன்.

வளையல் எலும்பில் மாட்டிக்கொண்டு வலியில் உயிர் போனது. "கை முன்ன மாரி வர்ல. வலிக்குதாம்மா?" என்று கேட்டார். இல்லை என்றேன்.