வெள்ளிக்கிழமை நாசில் செக்

1. பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பெங்களூரில் கிடைத்த வேலைக்குச் சேர்ந்தேன்.
2. அப்பா என்னிடம் பேசுவதை நிறுத்தினார்.
3. என் இங்க்ஜெட் பிரிண்டரைச் சங்ககிரி வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனேன்.
4. போகும் முன், பராமரிப்புக் குறிப்பு ஒன்றை அதன் மூடியில் ஒட்டினேன்.
5. எட்டு மாதம் கழித்து, பொங்கலுக்கு வந்தேன்.

அப்பா லாரி ஓட்டுகிறவர். நான் கூப்பிடும்போது அம்மா போனை நீட்டினால், வண்டிக்கு ஆயில் பார்க்கணும் என்று எழுந்துவிடுவாராம். அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, எப்போதும் ‘சாமி’தான். அந்தச் சொல்லைக் கேட்டு எட்டு மாதமாகியிருந்தது. இந்த முறையும் பேசாவிட்டால் இனி பண்டிகைக்கு வருவதில்லை என்று பஸ்ஸிலேயே முடிவு செய்திருந்தேன். வந்த அன்று அவர் ‘வா’ என்றுகூடச் சொல்லவில்லை.

மறுநாள் அம்மா ரேஷன் கார்டுக்கு நகல் கேட்டார். இங்க்ஜெட்டை மாதக்கணக்கில் சும்மா போட்டால் மை வரும் நுண்துளைகளான நாசில்களில் மை காய்ந்துவிடும். பாதிக் கோடு வராது என்று நினைத்துக்கொண்டே, கோடுகள் அச்சிட்டு அடைப்பைக் காட்டும் நாசில் செக் கொடுத்தேன். கறுப்பு, சியான், மெஜெந்தா, மஞ்சள், நான்கிலும் ஒரு கோடுகூட விடவில்லை. ஆனால் தொட்டிகளில் மை அடிக்கோடு வரை இறங்கியிருந்தது. கழிவு மையை உறிஞ்சும் அடிப் பஞ்சு நிறையப்போகிறது என்று லேப்டாப்பில் எச்சரிக்கை வேறு.

அம்மா மேசை டிராயரைத் திறந்து காட்டினார். உள்ளே அடுக்காக நாசில் செக் தாள்கள். ஒவ்வொன்றின் மூலையிலும் அப்பாவின் கையெழுத்தில் தேதி. வெள்ளிக்கிழமை லாரிக்குச் சந்தனம் வைத்த கையோடு வந்து, பிரிண்டருக்கும் ஒரு பொட்டு வைத்து ஆன் செய்வாராம். வெளியூர் லோடு இருந்தால் மட்டும் சனிக்கிழமை.

“வண்டிய ஓட்டாம நிறுத்துனா கெட்டுப்போயிருமாம். புள்ள வந்தா ஓடோணுமாம்,” என்றார் அம்மா.

மூடியில் பொட்டு இருந்தது. முந்தின நாள் அதைக் கறை என்று நினைத்திருந்தேன்.

பொட்டுக்குக் கீழே என் குறிப்பு. ஒன்று, நாசில் செக். இரண்டு, ஹெட் கிளீனிங். கோடு விட்டிருந்தால் மட்டுமே இரண்டாவது என்று எழுத மறந்திருக்கிறேன். அப்பா வாராவாரம் இரண்டையும் செய்திருக்கிறார். அடைப்பை நீக்க ஒவ்வொரு கிளீனிங்கும் நல்ல மையை இழுத்து அந்தப் பஞ்சில் கொட்டும்.

அப்பா வாசலில் லாரிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். போய் நின்றேன்.

“அப்பா, நாசில் செக் மட்டும் போதுங்க. கிளீனிங் வேண்டீதில்லீங்க. நாந்தான் தப்பா எழுதிப்போட்டேன்.”

துணி கொஞ்ச நேரம் ஒரே இடத்தில் சுற்றியது.

“அப்ப அத்தன மையும் தண்டமா?”

“இல்லீங்க. ஒரு கோடுகூட விடலீங்க.”

துணியை உதறித் தோளில் போட்டார். “அங்க சோறு ஒழுங்கா கெடைக்குதா சாமி?”

கிடைக்கிறது, சாம்பாரில் மட்டும் வெல்லம் போடுகிறார்கள் என்றேன்.

“அதத் தின்னுபோட்டுத்தான் எங்க பேச்சக் கேக்கறதில்லயாட்ட இருக்குது,” என்றார். உள்ளே அம்மா சிரிப்பது கேட்டது.

குறிப்பைத் திருத்தி ஒட்டிவிட்டேன். பஞ்சு இன்னும் மாற்றவில்லை. வேலை பெங்களூரில்தான், மாப்பிள்ளைப் பேச்சும் முடிந்தபாடில்லை. வெள்ளிக்கிழமைகளில் அப்பா நாசில் செக் தாளைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்புகிறார்.