ஊசிக்குப் பிறகு கொஞ்சம் தள்ளி

ஊசி போட்ட கையோடு நோயாளியை விட்டு விலகி நிற்கச் சொல்லிக்கொடுக்கிற தொழில் எனக்குத் தெரிந்து எங்களுடையது ஒன்றுதான். திருவனந்தபுரத்தில் ஒரு ஸ்கேன் சென்டரில், கதிர்வீச்சு உள்ள மருந்தைச் செலுத்திப் படம் எடுக்கும் டெக்னீஷியன் நான். வெறும் வயிற்றோடு ஸ்கேன் வாசலில் காத்துக் கிடந்த அனுபவம் உங்களுக்கும் இருந்தால், எங்களை உங்களுக்கு ஏற்கெனவே தெரியும்.

தோசை மாஸ்டர்

பழவங்காடிப் பக்கம் ஒரு ஹோட்டலில் தோசை மாஸ்டராக இருப்பவர் சுடலைமுத்து. சொந்த ஊர் அம்பாசமுத்திரம். நெஞ்சுவலி என்று இதய ஸ்கேனுக்கு வந்தார். ஊசியைப் போட்டதும் வழக்கம்போல நான் நாலடி பின்னால் போய் நின்றேன். அவர் முகம் வெளிறிவிட்டது. “எனக்குப் போட்டுட்டு நீங்க ஓடுதீங்களே, அப்ப இது விஷமா?” என்றார்.

உங்களுக்கு இது ஒரே ஒரு நாள், அளவும் கொஞ்சம்தான். எங்களுக்குத் தினமும் இதே வேலை, துளித்துளியாகச் சேர்ந்துவிடக் கூடாதே என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். ரிப்போர்ட்டில் இதயத்துக்கு ஒரு குறையும் இல்லை. அதை வாங்க வந்த அன்று என்னைப் பார்த்துச் சிரித்தபடி சொன்னார்: “இத்தன வருஷமா கொதிக்கிற கல்லு முன்னால நிக்கேன். என் முன்னால ரெண்டு நிமிசம் நிக்க உங்களுக்குப் பயமா மேடம்?”

தண்ணீர்

எலும்பு ஸ்கேன் என்றால் ஊசிக்குப் பிறகு நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும். மருந்தின் மிச்சம் சிறுநீரில் வெளியேறினால் உடம்புக்கு நல்லது. பாறசாலையிலிருந்து வந்த ஒரு விவசாயிக்குக் குப்பி குப்பியாக நீட்டிக்கொண்டே இருந்தேன். கடைசிக் குப்பியைக் கையால் மறித்து, மகளிடம் சொல்வதுபோல் சொன்னார்: “இவ்வளவு தண்ணி விட்டா வாழைக்கே வேரு அழுகிப்போகும் மோளே!”

பொன்முடி பஸ்

பொன்முடி எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கும் செல்வி தைராய்டு ஸ்கேனுக்கு வந்தபோது, இடுப்பில் கைக்குழந்தை. கூடவே கணவர் ராஜன். சாயங்காலம் வரை தாய்ப்பால் கொடுக்கக் கூடாது, பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ளவும் வேண்டாம் என்றதும் செல்விக்குக் கண் நிறைந்துவிட்டது. “அவரு தூக்கினா வீறிட்டு அழுவான் அக்கா. அவருக்கும் பழக்கமில்ல” என்றாள்.

ஊசிக்கு முன்பே பாலைப் பீய்ச்சி எடுத்து, புகட்ட ஒரு பாலாடையும் சேர்த்து ராஜனிடம் கொடுத்தோம். அவர் அந்தப் பாலாடையைப் பிடித்த விதத்தைப் பார்த்து எனக்கே கவலையாகிவிட்டது. உள்ளே செல்வி படுத்திருக்க, வெளியே குழந்தை கத்துகிற கத்தல் சுவரைத் தாண்டிக் கேட்டது. அவள் எழுந்து ஓடிவிடுவாளோ என்று பயந்தேன். கண்ணை இறுக மூடிக்கொண்டு அசையாமல் கிடந்தாள். படம் தெளிவாக விழுந்தது.

முடித்துக்கொண்டு வெளியே வந்தால் சத்தமே இல்லை. மரத்தடியில் சட்டையெல்லாம் பால் சிந்திய ராஜன் மெதுவாக நடந்துகொண்டிருக்க, தோளில் பிள்ளை வாயைத் திறந்தபடி தூங்கியது. சாயங்காலம் வரை செல்வி எதிர் பெஞ்சில் உட்கார்ந்து அந்த இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டே இருந்தாள். நேரம் முடிந்து, பிள்ளைக்குப் பால் கொடுத்துவிட்டு, பொன்முடி பஸ்ஸுக்குக் கிளம்பும்போது என் காதில் சொன்னாள்: “இவரு கையில அவன் தூங்குவான்னு இன்னைக்குத்தான் தெரிஞ்சுது. இனிமே ஊசி இல்லாட்டியும் ராத்திரி இவருதான் தூக்கணும்.”

பேசக் கூடாது

கிழக்கேகோட்டை அக்ரகாரத்து மாமா ஒருவருக்குத் தொண்டையில் புற்றுநோய். சிகிச்சை முடிந்து, போன குரல் கரகரவென்று திரும்பி வந்திருந்தது. நோய் மிச்சம் இருக்கிறதா என்று பார்க்கத்தான் ஸ்கேன். ஊசி போட்டபின் ஒரு வார்த்தை பேசக் கூடாது. பேசினால் தொண்டைத் தசை மருந்தை இழுத்துக்கொண்டு படத்தில் நோய் மாதிரியே மினுங்கும். மாமா தலையாட்டினார். பிறகு கையைக் காட்டியே நர்ஸ் ஷீபாவிடம் ஃபேனைக் குறைக்கச் சொன்னார், போர்வை கேட்டார், அவளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்றும் விசாரித்துவிட்டார்.

மறுநாள் ரிப்போர்ட் வாங்க மாமி தனியாக வந்தாள். டாக்டரைப் பார்த்துவிட்டு வெளியே வந்தவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் பதறிப்போய் நாற்காலியை இழுத்துப் போட்டேன். உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “ஒண்ணுமில்லையாம்டீ, சுத்தமாப் போயிடுத்தாம். நேத்திக்கு ஒரு மணி நேரம் வாயைக் கட்டிண்டு இருந்ததுக்கும் சேர்த்து ராத்திரி பூராப் பேசித் தீர்த்தார். நான் ஒரு தடவை கூட போதும்னு சொல்லலை.”

கதிர்வீச்சை அளக்க எங்களிடம் மீட்டர் இருக்கிறது; வருகிறவர்களின் வாயை அளக்க ஒன்றும் இல்லாமல் போனதுதான் இந்த வேலையில் எங்களுக்குக் கிடைக்கும் போனஸ்.