பெற்றோல் ஊற்றாமல் ஏறிய கிலோமீற்றர்

பெற்றோல் ஊற்றாமலே ஒரு கார் தன் கணக்கைக் கூட்டிக் காட்டினால் அதை நம்பலாமா? எனக்கு இன்றும் விடை தெரியவில்லை.

கதிரவெளியில் உறவினர் வீட்டுக்குப் போய்விட்டு, பத்து மாத மகனோடும் கணவரின் தங்கையான மச்சாளோடும் மட்டக்களப்புக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். வாகரையில், இன்னும் நாற்பத்தைந்து கிலோமீற்றர் ஓடலாம் என்று காரின் திரை காட்டியது. வாழைச்சேனையில் பெற்றோல் அடிக்கும் செட்டுக்கு முப்பதுதான். அந்த நம்பிக்கையில், பிள்ளை தூங்கட்டும் என்று மர நிழலில் காரை நிறுத்தி ஏசியை ஓடவிட்டேன். அவன் எழும்பியபோது, கார் ஓர் அடிகூட நகராமலே எண் இருபத்தைந்தாகியிருந்தது.

சுடுவெயிலில், ஆளில்லாத வீதியில் பிள்ளையோடு நின்றுவிடுவேனோ என்று பயந்தேன். ஏசியை நிறுத்தி, கண்ணாடிகளை இறக்கி, சீரான வேகத்தில் ஓட்டினேன். சிறிது தூரத்தில் எண் இருபத்தெட்டுக்கு ஏறியது!

“என்னகா மச்சாள், டாங்கிக்குள்ள பெற்றோல் ஊறுதா?” என்று சிரித்தாள் கணவரின் தங்கை.

“ஊறினா நல்லம். நீங்க பிள்ளைக்கு விசிறுங்க.”

பிறகு எண்ணே மறைந்து, வெறும் கோடுகள் மட்டும் தெரிந்தன. ஆனால் கார் நிற்கவில்லை. செட்டுக்குள் நுழைந்ததும் மச்சாள் கைதட்டினாள். பின்னாலிருந்து மகனும் தட்டினான். பந்தயத்தில் வென்றவள்போல் இறங்கினேன்.

இப்போதெல்லாம் கால் டாங்கி இருக்கும்போதே நிரப்பிவிடுகிறேன். பிள்ளை தூங்கினாலும் நிறுத்திய காரில் ஏசி ஓடாது. ஆனாலும் சந்தேகம் போகவில்லை. கார் ஓட்டும் வாசகிகளே, பெற்றோல் குறையும்போது திரையை எந்த எண் வரை நம்புகிறீர்கள்? எனக்கும் எழுதிச் சொல்லுங்கள்.