இரண்டு விரலில் நின்ற பிளேன்

எங்கள் பள்ளிக்கூடத்தில் இந்துமதி மேடத்துக்குப் பதினோரு வருஷமாகப் பெயர் கிடையாது. 'லேப்' என்றுதான் கூப்பிடுவார்கள். லேப்பை வரச் சொல்லு, லேப் சாவி எங்கே வைத்தாள் என்று கேளு, இப்படி. பி.எஸ்ஸி. பிசிக்ஸ் படித்துவிட்டு லேப் அசிஸ்டென்டாக இருப்பவர். அதே பாடத்தைத் தப்பும் தவறுமாக நடத்துகிற வாத்தியார் டீ குடித்த டம்ளரை நீட்டினால், சோதனைக் குழாய்களோடு சேர்த்து அதையும் கழுவி வைக்க வேண்டும். பார்க்கும்போதெல்லாம் எனக்குக் குமட்டிக்கொண்டு வரும். நான் அரிகிருஷ்ணன், அதே பள்ளிக்கூடத்தின் வேன் டிரைவர்.

மேடம் ரிமோட்டில் பிளேன் விடுவார். ஃபிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியிலிருந்த தெர்மாகோலை அறுத்துத்தான் முதல் பிளேனைச் செய்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் பள்ளி மைதானத்துக்குக் கொண்டுவருவார். அதைக் கையால் வீசி எறிய ஓர் ஆள் வேண்டும். வேன் கழுவ வந்த நான் அகப்பட்டேன். மைதானமா அது? சனிக்கிழமை ராத்திரி எவனெவனோ சுவர் ஏறிக் குதித்துக் குடித்துவிட்டுப் போன பாட்டிலும், எச்சில் இலையும், அதை மேயும் பன்றியும். த்தூ. அதையெல்லாம் நான் ஒதுக்கித் தள்ளும்வரை மேடம் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். கோட்டை மலைப் பக்கமிருந்து கொக்குக் கூட்டம் வந்தால், அது கடந்து போகிறவரை பிளேனைத் தொட மாட்டார். ஜைனர் வீட்டுப் பெண். எறும்பு வரிசையைக்கூடத் தாண்டித்தான் போவார்.

எறிவதற்கு முன்னால் ஒரு வேலை உண்டு. இறக்கைக்கு அடியில் இரண்டு பக்கமும் பென்சிலால் புள்ளி வைத்திருப்பார். அந்தப் புள்ளிகளில் இரண்டு ஆள்காட்டி விரலையும் கொடுத்துப் பிளேனைத் தூக்குவார். அது சாயாமல் மட்டமாக நிற்க வேண்டும். வால் தொங்கினால் பேட்டரியை முன்னால் தள்ளுவார், மூக்கு தொங்கினால் பின்னால் இழுப்பார். அரை மணி நேரம்கூட ஆகும். "மூக்கு கனத்தா சுமாரா பறக்கும்ணா. வாலு கனத்தா அதோட கதை முடிஞ்சிது" என்று ஒரு முறை சொன்னார். நான் தலையாட்டினேன். எல்லாம் தெரிந்த மாதிரி.

போன மாசி மாசம் பள்ளியை நடத்தும் கரஸ்பாண்டன்ட் அவரைக் கூப்பிட்டு, பள்ளியில் பிளேன் வகுப்பு தொடங்கப்போவதாகச் சொன்னார். ஆண்டு விழாவில் பெற்றோர் முன்னால் பிளேன் நன்றாகப் பறந்தால் அந்த வகுப்பு மேடத்துக்கு, டீச்சர் என்ற பதவியோடு. பறக்காவிட்டால், கரஸ்பாண்டன்டின் மச்சான் பச்சமுத்து கொண்டுவரும் சென்னைக் கம்பெனிக்கு. அந்த ஆள் அன்றிலிருந்து லேப் வாசலில் வந்து நின்று, வெற்றிலைச் சாற்றைச் சுவரில் துப்பிக்கொண்டு, அந்தப் பிளேனையே முறைத்து முறைத்துப் பார்ப்பான். பொம்பளை விடுகிற பிளேன் மேலே போகுமா என்று சிரிப்பான். அந்த வாயும் அந்தக் கண்ணும்! கண்ணுபட்டால் கல்லும் உடையாதா என்ன?

விழா அன்று காலை மேடம் எல்லாவற்றையும் சரிபார்த்தார். ரிமோட்டின் குச்சியை வலப்பக்கம் தள்ளினால் இறக்கையில் எந்தத் தகடு எழும்புகிறது, ஐம்பது அடி தள்ளிப் போனாலும் ரிமோட் பேசுகிறதா, எல்லாம். விரலில் தூக்கினார், மட்டமாக நின்றது. அந்த நேரம் பார்த்து விருந்தாளிகளுக்குத் தண்ணீர் கொடுக்க லேப்பை வரச் சொன்னார்கள். அன்றைக்குமா? பிளேனை என்னிடம் விட்டுவிட்டுப் போனார்.

என் சட்டைப் பையில் எலுமிச்சம்பழம் இருந்தது. வெள்ளிக்கிழமை தவறாமல் திருஷ்டிக்கு வேனில் கட்டுகிற மாதிரி, குங்குமம் தடவிய சின்னப் பழம். வாலில் வைக்கக் கூடாது என்று எனக்குத் தெரியும். மூக்கிலும் கூடாது. அவர் விரல் வைக்கிற புள்ளிக்கு நேர் மேலே வைத்தால் எந்தப் பக்கமும் சாயாதே என்று என் மூளை கணக்குப் போட்டது. பேட்டரி மூடியைத் திறந்து, உள்ளே நடுவில் வைத்து மூடிவிட்டேன். நகராதபடி கட்டவில்லை.

மேடம் ஓடி வந்தார். வழக்கம்போல இன்னொரு முறை விரலில் தூக்கினார். மட்டமாகவே நின்றது. ஒரு நொடி புருவத்தைச் சுருக்கினார். அதற்குள் மைக்கில் கூப்பிட்டுவிட்டார்கள். என் கணக்கு சரிதான் என்று பெருமையாக இருந்தது எனக்கு.

எறிந்தேன். மூக்கைத் தூக்கிக்கொண்டு எழும்பியது. பழம் உருண்டு வாலுக்குப் போயிருக்க வேண்டும். இன்னும் தூக்கிக்கொண்டது, செங்குத்தாக நின்றது, மேடம் குச்சியை எவ்வளவு தள்ளியும் கேட்கவில்லை. கைதட்டல் நிற்பதற்குள் விழுந்து இரண்டாக உடைந்தது.

முதலில் ஓடியவர் மேடம்தான். உடைந்த வாலுக்குள்ளிருந்து குங்குமம் பூசிய பழத்தை எடுத்தார். என்னைப் பார்த்தார். கரஸ்பாண்டன்டும் பச்சமுத்துவும் கிட்டே வருவதற்குள் அதைத் துப்பட்டாவில் சுருட்டிக்கொண்டார்.

"இன்னா ஆச்சு?" என்று கேட்டார் கரஸ்பாண்டன்ட்.

"பேலன்ஸ் நான் சரியா பாக்கல சார்" என்றார் மேடம்.

பச்சமுத்து சிரித்தான். நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை மேடம் வேனில் ஏறியதும், போய் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றேன். அதையும் வேன் காலியாக இருந்ததால் சொன்னேன்.

"சொன்னா எனக்கு அந்தக் கிளாஸ் திரும்ப வராதுண்ணா. உங்களுக்கு வேலை பூடும். வண்டிய எடுங்க."

எடுத்தேன். வேண்டாம் என்று அவர் சொல்லமாட்டாரா என்று நான் காத்திருந்ததும், சொன்னதும் எனக்கு மூச்சு வந்ததும் எனக்குத் தெரியும். பச்சமுத்து துப்பிய சுவரைவிட அதுதான் நாறுகிறது.

பிளேன் வகுப்பை இப்போது சென்னைக் கம்பெனி நடத்துகிறது. அவர்கள் டீ குடித்த டம்ளரையும் லேப்தான் கழுவுகிறது. வெள்ளிக்கிழமை வந்தது. வேனில் புதுப் பழம் கட்டினேன். கட்டாமல் ஓட்ட எனக்குப் பயம்.