பெட்டியில் இல்லாத பாறை

2006-ல் தங்கையின் கல்யாணத்துக்காக விடுப்பில் காமயகவுண்டன்பட்டிக்கு வந்திருந்தேன். வளைகுடா நாடு ஒன்றின் எண்ணெய் வயலில் பாறைகளை ஆராய்வது என் வேலை. அங்கே சுண்ணாம்புப் பாறைக்குள் எண்ணெய் தார் மாதிரி கெட்டியாக இருக்கும். நீராவியைச் செலுத்தி இளக்கினால்தான் மேலே வரும். எந்த ஆழத்தில் செலுத்துவது என்று நான் அறிக்கை தர வேண்டும். கல்யாண வேலைகளுக்கு நடுவே எழுதி முடித்து, அதை அனுப்பக் கம்பத்தில் ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போனேன்.

கடையை நடத்தியவர் ஏறக்குறைய என் வயதுப் பெண். அறிக்கையை மெயிலில் அனுப்பிவிட்டு, அதிலிருந்த பாறைப் படங்களைக் கலரில் பிரிண்ட் எடுத்துத் தரச் சொன்னேன். மூன்று கிணறுகளில் உருளை உருளையாக வெட்டி எடுத்த பாறைகளை, ஆழ வரிசைப்படி பெட்டிகளில் அடுக்கி எடுத்த படங்கள். இரண்டு தாள் வந்ததும் அவர் பிரிண்டரை நிறுத்தினார்.

“அண்ணே, படம் முழுசா இறங்கல போல. நடுநடுவுல காலியாக் கெடக்கு.”

“படம் சரிதாம்மா. அங்கன கல்லு நொறுங்கிப் போச்சு, மேல வரல.”

“அப்ப அந்த எடத்துல எப்படி இருந்துச்சுன்னு எப்படிக் கண்டுபிடிப்பீக?”

“மிச்சக் கல்லை வச்சுக் கணக்குப் போட்டுக்குவோம்.”

“நொறுங்குன கல்லும் நொறுங்காத கல்லும் ஒண்ணாண்ணே?”

சாதாரணமாகக் கேட்டுவிட்டு அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டார். எனக்குச் சுருக்கென்றது. இவருக்கு என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

ஜன்னலோரம் உட்கார்ந்து தாள்களைப் புரட்டினேன். மூன்று கிணறுகளிலும் ஏறக்குறைய ஒரே ஆழத்தில்தான் காலி இடம் இருந்தது. அது தற்செயலாக இருக்காது. அங்கே பொந்தும் வெடிப்புமான ஓர் அடுக்கு இருக்க வேண்டும். நீராவி எண்ணெயைத் தொடாமல் அதன் வழியே பக்கத்துக் கிணற்றுக்கு ஓடிவிடும். அதே ஆழத்தில் செலுத்தலாம் என்றுதான் நான் எழுதியிருந்தேன்.

அடுத்த நிறுத்தத்தில் இறங்கிக் கடைக்குத் திரும்பினேன்.

“என்னண்ணே, எதையாச்சும் விட்டுட்டுப் போயிட்டீகளா?”

“ஒரு தப்புப் பண்ணிட்டேம்மா. போன் பேசணும்.”

என் மேலதிகாரியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அறிக்கையை வைத்து முடிவெடுக்கும் கூட்டம் தொடங்குமுன் எல்லாருக்கும் நீயே எழுதிவிடு என்றார். அறிக்கையை ஏற்க வேண்டாம், தவறு என்னுடையது என்று எழுதினேன். அந்த இரண்டு வரிக்கு அரை மணி நேரம் ஆனது.

சில மாதங்கள் கழித்துக் கிணற்றுக்குள் படமெடுக்கும் கருவியை இறக்கிப் பார்த்தார்கள். அந்த ஆழத்தில் விரல் நுழையும் பொந்துகள். திட்டத்தை மாற்றினார்கள். எனக்கு வரவேண்டிய பதவி உயர்வு அந்த வருஷம் வரவில்லை.

அடுத்த விடுப்பில் அந்தக் கடைக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். அவருக்கு என்னைச் சுத்தமாக நினைவில்லை. முழுவதும் கேட்டுவிட்டு, “உங்க வேலைக்கு ஒண்ணும் ஆகலையேண்ணே?” என்றார்.

இன்றும் ஓர் அறிக்கையில் ‘இந்த இடத்தைப் பற்றி எனக்குத் தெரியாது’ என்று எழுத வேண்டி வரும்போது கை கொஞ்சம் தயங்கத்தான் செய்கிறது. எழுதிய பிறகுதான் மனசு நிம்மதியாகிறது.